கூடைப்பந்து நடுவரின் உடை: விதி சொல்வதும் நடுவர்கள் விரும்புவதும்

கேள்வி கேட்டிருப்பவர் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில் வசிப்பவர். உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இந்தப் பருவத்தில்தான் பதிவு செய்திருக்கிறார். உடை வாங்கப் போன இடத்தில் கோடு போட்ட சட்டையிலேயே நாலைந்து வகை இருந்திருக்கிறது. பேண்டில் ப்ளீட், அதாவது இடுப்புக்குக் கீழே தைத்த மடிப்பு, வைத்தது, வைக்காதது, பெல்ட் போடுவது, போடாதது. ஷூவில் பளபளப்பானது, மங்கலானது. யோசனை கேட்ட மூத்த நடுவர்களோ ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் எது விதி, எது வெறும் விருப்பம், முதலில் எதை வாங்குவது என்பதுதான் அவருடைய கேள்வி. சாம்பல் நிறச் சட்டை வாங்கலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார்.

விதி மிகச் சிறியது. இண்டியானாபொலிஸைத் தலைமையிடமாகக் கொண்ட என்.எஃப்.எச்.எஸ். என்னும் கூட்டமைப்புதான் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கான விதிப்புத்தகத்தை வெளியிடுகிறது. அதில் நடுவர் உடையைப் பற்றிய அடிப்படை விதி ஒரே வாக்கியம்: கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கறுப்பு பேண்ட், பெரும்பகுதி கறுப்பாக உள்ள ஷூ, கறுப்புக் காலுறை. கோட்டின் அகலம், கழுத்தின் வடிவம், பெல்ட், ப்ளீட், ஷூவின் பளபளப்பு ஆகியவற்றைப் பற்றி அந்த வாக்கியம் பேசுவதில்லை. மிச்சத்தை மாநிலத்தின் பள்ளி விளையாட்டுச் சங்கம் சொல்கிறது. அதன் சின்னம் சட்டையில் எந்த இடத்தில் தைக்கப்பட வேண்டும், தேசியக் கொடி இருக்கலாமா, ஆட்டத்துக்கு முன் மேலங்கி அணிய வேண்டுமா என்பவை அங்கே முடிவாகின்றன. அதற்கும் கீழே, ஆட்டங்களை ஒதுக்கித் தரும் அதிகாரி தமக்கென்று சில நிபந்தனைகளை வைத்திருப்பார். எல்லாவற்றுக்கும் கீழே, அன்று மாலை உங்களோடு ஆடுகளத்தில் இறங்கப்போகும் மற்ற இரண்டு நடுவர்கள் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்ற கேள்வி இருக்கிறது. நடைமுறையில் மற்ற எல்லாவற்றையும்விட வலுவானது இந்தக் கடைசிக் கேள்விதான்.

பன்னாட்டு விதிகள் இதை எழுத்திலேயே வைத்திருக்கின்றன. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்புத்தகம் நடுவர்களுக்கான சட்டை, நீளமான கறுப்பு பேண்ட், கறுப்புக் காலுறை, கறுப்புக் கூடைப்பந்து ஷூ என்று பட்டியலிட்டுவிட்டு, நடுவர்களும், புள்ளியையும் நேரத்தையும் கவனிக்கும் மேசை அதிகாரிகளும் ஒரே சீராக உடுத்தியிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்தியாவில் நடக்கும் ஆட்டங்களுக்கும் அந்த விதிதான். அங்கெல்லாம் பெரிய போட்டிகளில் சட்டையைப் போட்டி நடத்துபவர்களே கொடுத்துவிடுவதால் தேர்வு என்ற பேச்சே எழுவதில்லை. அமெரிக்கப் பள்ளி நடுவரோ தன் காசில், தானாகத் தேடி, தன் உடையைத் தானே வாங்குகிறார். ப்ளீட் நல்லதா கெட்டதா என்று ஆண்கள் அரைமணி நேரம் வாதாடும் அதிசயம் இந்த ஒரு காரணத்தால்தான் அங்கே நடக்கிறது.

ஆகவே நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்றுதான். பார்வையாளர் இருக்கையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற எதிலும் உங்கள் விருப்பத்தைக் குழுவுக்கு விட்டுக்கொடுங்கள். தெரியாதவற்றிலும், வாயில் வைத்து ஊதும் விசிலிலும் உங்கள் இஷ்டப்படி நடங்கள். ஒருவர் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வைத்த சட்டையிலும் மற்ற இருவர் பட்டை இல்லாத சட்டையிலும் வந்து நின்றால் எந்த விதியும் மீறப்படுவதில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே, இந்த மூவரும் உடை மாற்றும் அறையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக்கூட இல்லை என்று இரண்டு பயிற்சியாளர்களும் முடிவு கட்டிவிடுவார்கள். பிறகு நீங்கள் கொடுக்கும் முதல் சிக்கலான தீர்ப்பின்போது ஒரு பயிற்சியாளர் உங்களை விட்டுவிட்டு உங்கள் கூட்டாளியிடம் போய் முறையிடுவார். மூவரும் மூன்று கருத்தில் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர் அப்படிச் செய்கிறார்.

கோடு போட்ட சட்டை பிறந்த கதையும் ஆளை அடையாளம் காண்பதைப் பற்றியதுதான். மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில் இருந்த ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியைச் சேர்ந்த லாயிட் ஓல்ட்ஸ் என்பவர், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்றைய வழக்கப்படி வெள்ளைச் சட்டையும் போ டையும் அணிந்து அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தார். வெள்ளைச் சீருடை அணிந்த அணியின் வீரர் ஒருவர் இவரைத் தன் ஆள் என்று நினைத்துப் பந்தை இவர் கையில் கொடுத்துவிட்டாராம். இந்தக் குழப்பம் இனி கூடாது என்று அவர் விளையாட்டுப் பொருள் விற்கும் நண்பர் ஒருவரைக் கொண்டு கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையைத் தைத்துக்கொண்டார் என்றும், கூடைப்பந்தில் அது முதலில் 1921-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலப் பள்ளி இறுதிப் போட்டிகளில் தோன்றியது என்றும் அந்த மாநிலத்தில் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். நடுவர்களை வரிக்குதிரைகள் என்று கூட்டம் கேலி செய்வதும் இந்தச் சட்டையால்தான். நடுவர்களே அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

இன்று சட்டையில் உங்கள் முன் இருக்கும் தேர்வு பெரும்பாலும் பக்கப் பட்டையைப் பற்றியது. அக்குளிலிருந்து இடுப்பு வரை கறுப்புத் துணி வைத்த சட்டை கல்லூரி ஆட்டங்களிலிருந்து பள்ளிகளுக்கு இறங்கிவந்தது. உடலைச் சற்று ஒல்லியாகக் காட்டுகிறது என்பதும் அது பரவியதற்கு ஒரு காரணம் என்று நான் சந்தேகப்படுகிறேன். பட்டை இல்லாத பழைய வகையை இன்னும் கேட்கும் மாநிலங்களும் உண்டு. சங்கத்தின் இணையதளத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள். கழுத்து வி வடிவத்தில் இருப்பதுதான் இப்போது பொது வழக்கம். காலரும் ஜிப்பும் வைத்தவை ஏறக்குறைய மறைந்துவிட்டன. துணியின் தரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான சட்டையில் கறுப்புக் கோடு சில சலவைகளிலேயே ஊதா கலந்த சாம்பலாக வெளுத்துவிடும். அப்படி வெளுத்த சட்டையோடு புதுச் சட்டை அணிந்த கூட்டாளியின் பக்கத்தில் நிற்கும்போது, ஒரே வகைச் சட்டை என்றாலும் வேறு வேறு சட்டையாகவே தெரியும்.

உள்ளே போடும் பனியனைப் பற்றி யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. வெள்ளைப் பனியன் வி கழுத்தில் ஒரு முக்கோணமாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதனால் கறுப்பு பனியன் போடுவது அல்லது கழுத்து ஆழமாக வெட்டிய பனியன் போடுவது வழக்கம். பனியனே போடாமல் இறங்குபவர்களும் உண்டு. வியர்வை அதிகம் வருபவர்கள் அப்படிச் செய்தால் இரண்டாம் பாதியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை சட்டை வெளியே வருவது. கையை உயர்த்தி ஃபவுல் காட்டும் ஒவ்வொரு முறையும் சட்டை ஒரு விரற்கடை மேலே ஏறும். வீரர்களைச் சட்டையை உள்ளே விடச் சொல்ல வேண்டிய ஆள் தானே அரைகுறையாகத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க முடியாது. சிலர் சட்டையின் கீழ் விளிம்பிலிருந்து காலுறை வரை எலாஸ்டிக் பட்டைகளைக் கொக்கியால் மாட்டி இழுத்து வைப்பார்கள். இராணுவத்தாரும் போலீசாரும் செய்வது போல. சிலர் உடலை ஒட்டிய அரைக்கால் உள்ளாடைக்குள் சட்டையைச் செருகிக்கொண்டு அதன்மேல் பேண்ட் போடுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கொக்கி ஆட்டத்தின் நடுவே கழன்று தொடையில் அறைந்தால் வலி உயிர்போகும். இதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால் முழுக்க உங்கள் பாடு.

இனி பேண்ட். சட்டைக்கு அடுத்தபடி இதைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் இதைச் சட்டைக்கு முன்னால் வைப்பேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது நடுவர் ஒருவர் ஓடும் விதத்தைக் காட்டுவது பேண்டின் வெட்டுதான். ஒரு காலத்தில் முன்பக்கம் ப்ளீட் வைத்து, தொடையில் தளர்வாக, கணுக்காலில் ஷூவின் மேல் மடிந்து விழும் பேண்டுதான் கௌரவமாகக் கருதப்பட்டது. இப்போது ப்ளீட் இல்லாமல் முன்பக்கம் தட்டையாக, நாலு பக்கமும் இழுபடும் துணியில், கீழே சற்று ஒடுங்கியதாகத் தைத்த பேண்டுதான் பெரும்பாலோர் விருப்பம். தொலைக்காட்சியில் என்பிஏ என்னும் தொழில்முறைக் கூடைப்பந்து லீகின் நடுவர்களையும் கல்லூரி நடுவர்களையும் பார்த்துப் பழகிய கண்களின் வேலை இது. ப்ளீட் ஆதரவாளர்கள் சொல்லும் வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. தொடை பருத்தவர்களுக்கும் வயது ஏறியவர்களுக்கும் குனிந்து பந்தை எடுக்கும்போது ப்ளீட் இடம் கொடுக்கிறது. தட்டையான பேண்டில் பையின் வாய் விரிந்துகொண்டு உள்துணி வெளியே தெரியும். ஆனால் புதுத் துணிகள் இழுபட்டுக் கொடுப்பதால் அந்த வாதத்தின் பலம் குறைந்துவிட்டது. புதிதாக வாங்குபவர் ப்ளீட் பேண்ட் வாங்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். ஏற்கெனவே வைத்திருக்கும் மூத்த கூட்டாளியிடம் போய் அதைச் சொல்லவும் வேண்டியதில்லை.

பெல்ட்டைப் பொறுத்தவரை, பெல்ட் கண்ணிகளே இல்லாத, இடுப்பில் எலாஸ்டிக் உள்ளடங்கிய பேண்ட்தான் இன்று பொதுவானது. கொக்கி இல்லாததால் வீரர் மோதினாலும் காயமில்லை, சட்டைக்கும் பேண்டுக்கும் இடையில் கோடு சுத்தமாக விழுகிறது. கண்ணி வைத்த பேண்ட் வாங்கிவிட்டால் கறுப்பு பெல்ட் கட்டாயம் போட்டாக வேண்டும். வெறும் கண்ணிகள் தொங்குவதைப் போல அசிங்கம் வேறில்லை. பை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாற்று விசில் ஒன்று எப்போதும் பேண்ட் பையில் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொன்று ஒரு சின்ன வித்தை. இரு அணி வீரர்களும் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்துக்கொள்வது போன்ற அடுத்த ஜம்ப் பால் சூழ்நிலையில் பந்து எந்த அணிக்கு என்பதை மேசையிலுள்ள அம்பு காட்டும். மேசையில் இருப்பவர் அதைத் திருப்ப மறந்துவிடுவது பள்ளி ஆட்டங்களில் சகஜம். அதனால் பலர் அந்த மாற்று விசிலை அம்பு காட்டும் திசைக்கேற்ப வலது பையிலிருந்து இடது பைக்கும் மறுபடி வலதுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அம்பைப் பற்றித் தகராறு வந்தால் பையைத் தொட்டுப் பார்த்தாலே போதும்.

ஷூவில் தலைமுறைச் சண்டை இன்னும் தீரவில்லை. பழையவர்கள் முகம் தெரியும்படி மின்னும் பேட்டன்ட் தோல் ஷூ போட்டு வளர்ந்தவர்கள். ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் ஈரத்துணியால் அதைத் துடைத்துத் துடைத்து மினுக்குவது அவர்களுக்கு மனத்தை அமைதிப்படுத்தும் ஒரு சடங்கு. இளையவர்கள் சாதாரணக் கறுப்புக் கூடைப்பந்து ஷூவையோ ஓட்ட ஷூவையோ போடுகிறார்கள். பெரும்பகுதி கறுப்பு என்று மட்டுமே பள்ளி விதி கேட்பதால் இரண்டுமே செல்லும். மேல்நிலை ஆட்டங்களில் முழுக் கறுப்பை எதிர்பார்ப்பவர்கள் உண்டு என்பதால், வெள்ளை அடிப்பாகமும் பெரிய வெள்ளைச் சின்னமும் உள்ள ஷூவைத் தவிர்த்துவிடுங்கள். இங்கே மட்டும் குழு ஒற்றுமையைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்பேன். ஒரே மாலையில் இரண்டு ஆட்டம் ஓடுகிறவரின் முழங்காலும் குதிகாலும் யாருடைய அழகுணர்ச்சிக்கும் பலியாக வேண்டியதில்லை. பேட்டன்ட் தோல் கனமானது, காற்றுப் புகாது, அகலமான பாதத்துக்கு ஒத்துவராது. எதை வாங்கினாலும் அதைப் பையில் எடுத்துக்கொண்டு போய் உள்ளே மாற்றுங்கள். உங்கள் ஊரில் டிசம்பரிலிருந்து வாகன நிறுத்துமிடம் முழுவதும் பனிக் குழம்பும் உப்பும் கிடக்கும். அதை மிதித்த அடிப்பாகம் மரத்தளத்தில் பிடிக்காது, உப்பு தளத்தையும் கெடுக்கும்.

மேலங்கியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீரர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கோடு போட்ட சட்டையின் மேல் கறுப்பு மேலங்கி அணிவது பல சங்கங்களில் பழக்கம். மூவரிடமும் இருந்தால் மூவரும் அணிவார்கள். ஒருவரிடம் இல்லையென்றால் ஒருவரும் அணியமாட்டார்கள். முதல் பருவத்தில் அதற்குச் செலவழிக்க அவசரமில்லை.

விசிலுக்கு வருவோம், ஏனென்றால் நடுவர்களின் சொந்த விருப்பம் உண்மையில் குடியிருக்கும் இடம் இதுதான். முன்பு எல்லாரும் உள்ளே சிறு குண்டு உருளும் விசிலைத்தான் ஊதினார்கள். குளிரிலும் எச்சிலிலும் அந்தக் குண்டு சிக்கிக்கொள்ளும். பலமாக ஊதினாலும் சத்தம் வராமல் போகும். கனடாவின் ஹாமில்டன் நகரைச் சேர்ந்த ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கின் ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவர், 1984-இல் பிரேசிலில் ஒரு முக்கியமான ஆட்டத்தில் பெரும் கூட்டத்தின் முன் இப்படி விசில் அடைத்துப்போய்த் தவித்தார். அதன் பிறகு சக் ஷெப்பர்ட் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து குண்டே இல்லாத விசிலை உருவாக்கினார். ஃபாக்ஸ் 40 என்று பெயரிட்ட அது 1987-இல் இண்டியானாபொலிஸில் நடந்த பான் அமெரிக்கப் போட்டிகளில் களமிறங்கியது. இன்று குண்டு விசில் வைத்திருக்கும் கூடைப்பந்து நடுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஃபாக்ஸ் 40-லேயே பல வகை உண்டு, போட்டி நிறுவனங்களின் விசில்களும் உண்டு. சிலருக்குக் கூர்மையான உச்ச ஒலி பிடிக்கும். சிலர் சிறிய உள்ளரங்கில் அது காதைக் கிழிக்கிறது என்று சற்றுத் தாழ்ந்த ஒலியுடையதைத் தேடுவார்கள். பல்லுக்கிடையே வைத்து ஓடுபவர்கள் வாய்ப்பகுதியில் ரப்பர் உறை போட்டதை விரும்புகிறார்கள். வெறும் பிளாஸ்டிக்கில் பந்து வந்து மோதினால் முதலில் போவது முன்பல். மூவரும் ஒரே ஒலி விசிலை வைத்திருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரே கணத்தில் இரண்டு விசில் ஒலித்தால், ஒலி வேறுபாடு இருந்தால்தான் கூட்டாளியும் ஊதியிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அப்போதுதான் இருவரும் ஆளுக்கொரு சைகை காட்டி மாட்டிக்கொள்ளாமல் கையை மட்டும் உயர்த்திக் காத்திருப்பீர்கள். இதற்கு மாறாக என்பிஏ போன்ற மேல்நிலைகளில் விசில் ஒலியைக் கேட்டவுடன் கடிகாரத்தை நிறுத்தும் கருவியை நடுவர் இடுப்பில் மாட்டியிருப்பார்; அது குறிப்பிட்ட ஒலியைக் கேட்டுப் பழகியது என்பதால் அங்கே விருப்பத்துக்கு எல்லை உண்டு. கொரோனாக் காலத்தில் கையில் வைத்து அழுத்தும் மின்னணு விசிலைப் பள்ளிகள் அனுமதித்தன. அவசரத்தில் கட்டைவிரல் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஃபவுல் நடந்து முடிந்துவிடுகிறது என்று பலர் மூச்சு விசிலுக்கே திரும்பிவிட்டார்கள். கழுத்துக் கயிறு மட்டும் கறுப்பாக இருக்கட்டும். வண்ணக் கயிறு கண்ணுக்குத் தெரிவதால் அது குழுவின் கணக்கில் வருகிறது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகச் சில ஆட்டங்களில் இளஞ்சிவப்பு விசில் ஊதுவார்கள். அதற்கும் மாநிலச் சங்கம் அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மூவரும் சேர்ந்துதான் செய்வார்கள்.

பெண் நடுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் விருப்பம் என்ற பேச்சில் அவர்களுக்கு நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. வயலட் பாமரும் டீ கான்ட்னரும் 1997-இல் என்பிஏவின் முதல் பெண் நடுவர்களாக ஆனார்கள். அதற்கு முன்பும் பின்பும் பள்ளி அரங்குகளில் ஓடிய பெண்கள் பலர் ஆண்களுக்கு வெட்டிய பேண்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டுதான் சமாளித்தார்கள். இப்போது உற்பத்தியாளர்கள் பெண்களுக்கென்று தனி வெட்டில் பேண்டும் சட்டையும் விற்கிறார்கள். உங்கள் சங்கத்தில் புதிதாகச் சேரும் பெண்களிடம் ஆண்கள் அளவையே வாங்கச் சொல்லும் பழைய ஆட்கள் இருந்தால், நீங்கள் தாராளமாக மறுத்துச் சொல்லலாம்.

கடைசியாகச் சாம்பல் சட்டை. என்பிஏவில் கோடு கிடையாது, சாம்பல் சட்டையும் முதுகில் எண்ணும்தான். அதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சில மாநிலங்கள் மெல்லிய கறுப்புக் கோடுகளோடு கூடிய சாம்பல் சட்டையைப் பள்ளி ஆட்டங்களுக்கும் அனுமதித்திருக்கின்றன. மூவரும் ஒரேபோல் அணிந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடில்லை. வெள்ளைச் சீருடை அணிந்த உள்ளூர் அணியின் கூட்டத்துக்குள் சாம்பல் கரைந்துபோகிறது, கறுப்புக் கோடு கரைவதில்லை. உங்கள் மாநிலம் அனுமதிக்கவில்லை என்றால் பேச்சே இல்லை. அனுமதித்திருந்தாலும் முதல் வருடம் வாங்காதீர்கள். புதியவர்களுக்குக் கிடைப்பது நடுநிலைப் பள்ளி ஆட்டங்களும் ஒன்பதாம் வகுப்பு ஆட்டங்களும்தான். அங்கே கூட்டாளி ஒருவர்தான் இருப்பார், அவரும் கோட்டுச் சட்டையோடுதான் வருவார்.

வாங்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பொருந்தும் பேண்ட் ஒன்று, தரமான கோட்டுச் சட்டை இரண்டு, கறுப்பு ஷூ ஒரு ஜோடி, விசில் இரண்டு, கறுப்புக் காலுறை வேண்டிய அளவு. சட்டை இரண்டாக இருப்பது, சனிக்கிழமைகளில் அடுத்தடுத்து ஆட்டம் வரும்போது நனைந்த சட்டையோடு மறுபடி இறங்காமல் இருக்க. மேலங்கி, சாம்பல் சட்டை, இரண்டாவது பேண்ட் எல்லாம் அடுத்த பருவத்துக்கு. ஆட்டத்துக்கு முந்தின நாளே கூட்டாளிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, பட்டை வைத்ததா வைக்காததா, மேலங்கி உண்டா இல்லையா என்று கேட்டுவிடுங்கள். மூத்தவர்கள் அதைத் தொல்லையாக நினைக்கமாட்டார்கள். துவைக்கும்போது குளிர்ந்த நீரில், உள்புறம் வெளியே திருப்பிப் போடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், அது வியர்வையை உறிஞ்சும் துணியின் தன்மையைக் கெடுத்துவிடும். கறுப்பு பேண்டை ப்ளீச் கலந்த வெள்ளைத் துணிகளோடு தவறியும் போட்டுவிடாதீர்கள். செம்பழுப்பாகிப்போன பேண்டை எந்தச் சாயமும் பழையபடி ஆக்குவதில்லை.